பிரேக் பிடித்தால் எங்கே போய் நிற்கும்? – வாசகர் கேள்வி பதில்

நெடுஞ்சாலையில் பந்தயம் ஓட்டுவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஓட்டுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், அவர்களைக் கண்டு பயந்து ஓரம் ஒதுங்குகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஏழுக்குப் பதில் தந்திருக்கிறோம்.

என் பைக்கில் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் எல்லாம் இருக்கிறது. 100-ல் போனாலும் 120-ல் போனாலும் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. 20 கிலோமீட்டர் வேகம் கூடினால் அப்படி என்ன ஆகிவிடும்?
– கல்லூரி மாணவர்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், தம்பி. எதிரே ஏதோ இருக்கிறது என்று கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, விரல் பிரேக்கை அழுத்த ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். அதுவரை வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒன்றரை விநாடிக்குள் 42 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், பதறாமல் பிடித்த பிரேக் என்று எல்லாமே சரியாக அமைந்தாலும் நிற்பதற்கு இன்னும் 55 மீட்டர் வேண்டும். மொத்தம் 97 மீட்டர்.

120-ல் யோசிக்கும் நேரத்துக்கே 50 மீட்டர், பிரேக் பிடித்து நிற்க 79 மீட்டர், ஆக 129 மீட்டர். ‘32 மீட்டர்தானே அதிகம்’ என்று தோன்றும். அதே சாலையில், அதே தடையைப் பார்த்து, இரண்டு பேரும் ஒரே இடத்தில் சுதாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-ல் வந்தவர் 97-வது மீட்டரில், தடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடுகிறார். 120-ல் வந்தவர் அதே இடத்தைக் கடக்கும்போது எவ்வளவு வேகத்தில் இருப்பார்? பலரும் 20 என்பார்கள். உண்மையில் 77 கி.மீ. வேகத்தில் போய் மோதுவார். 140-ல் வந்தவர் மோதும்போது வேகம் 112. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதுதான் காரணம். பிரேக்கின் முதல் பாதித் தூரத்தில் வேகம் கொஞ்சம்தான் குறையும். பெருமளவு குறைவது கடைசி மீட்டர்களில்தான். அந்தக் கடைசி மீட்டர்கள் உங்களுக்குக் கிடைக்காமல் போகின்றன.

ஏபிஎஸ் நல்ல கருவி. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், வண்டி வழுக்கி விழாமல் காக்கும். ஆனால் டயருக்கும் சாலைக்கும் இடையே இருக்கிற பிடிப்பை அது கூட்டித் தராது. ஒன்றரை விநாடியையும் குறைக்காது.

இதில் மிச்சமாகும் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். 20 கி.மீ. தூரத்தை 100-ல் கடக்க 12 நிமிடம், 120-ல் 10 நிமிடம், 140-ல் எட்டரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். வேகம் ஏற ஏற, மிச்சமாகும் நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

நாங்கள் விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது மட்டும்தான் ஓட்டுகிறோம். விபத்தில் சிக்குகிறவர்கள் ஓட்டத் தெரியாதவர்கள். திறமை இருந்தால் பயம் எதற்கு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

இது அடிக்கடி சொல்லப்படும் வாதம் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நீங்கள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், சாலையைக் கடக்கப்போகும் இன்னொருவர் உங்கள் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறார். குறுக்குச் சாலையிலிருந்து திரும்பும் ஒரு காருக்குச் சுமார் 6 விநாடி இடைவெளி வேண்டும். நீங்கள் 80-ல் வந்தால் 6 விநாடியில் 133 மீட்டர் கடப்பீர்கள். 140-ல் வந்தால் 233 மீட்டர். அந்த ஓட்டுநர் 160 மீட்டர் தள்ளி ஒரு ஹெட்லைட்டைப் பார்க்கிறார். அந்தச் சாலையில் வழக்கமாக எந்த வேகத்தில் வண்டிகள் வருமோ அந்தக் கணக்கில் ‘போய்விடலாம்’ என்று திருப்புகிறார். அவர் செய்ததில் தவறில்லை. அவருடைய கணக்கைப் பொய்யாக்கியது நீங்கள். அதிலும் பைக்குக்கு முன்பக்கப் பரப்பு சிறியது, ஒற்றை விளக்கு வேறு. சிறிய உருவம் தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் மனிதக் கண் எடுத்துக்கொள்ளும். பல விபத்துகளில் எதிர்த்தரப்பு ஓட்டுநர் ‘பார்த்தேன், ஆனால் இவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று நினைக்கவில்லை’ என்று சொல்வது வெறும் சாக்கு அல்ல.

நடந்து கடப்பவரின் நிலைமையும் இதுதான். இரண்டு தடம், 7 மீட்டர் அகலம், விநாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் கிட்டத்தட்ட 6 விநாடி. வயதானவருக்கு இன்னும் கூடுதலாகும்.

அடுத்து ‘காலி’ என்ற சொல். இருட்டில் லோ பீம் வெளிச்சம் சுமார் 50, 60 மீட்டர் வரைக்கும்தான் தெளிவாக விழும். 70 கி.மீ. வேகத்தில் நிற்பதற்கே 56 மீட்டர் தேவை. அதற்கு மேல் போனால், வெளிச்சத்துக்குள் ஒரு பொருள் தெரிகிற கணத்திலேயே அதன்மீது மோதுவது உறுதியாகிவிட்டது என்று பொருள். பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, படுத்திருக்கும் மாடு, சரிந்து கிடக்கும் ஜல்லி எல்லாம் காலியான சாலையில் இருப்பவைதான்.

திறமை பற்றி ஒரு வரலாற்றுச் செய்தி. இத்தாலியில் பொதுச்சாலைகளில் நடந்துவந்த ‘மில்லே மில்யா’ பந்தயத்தில் ஓட்டியவர்கள் அந்தக் காலத்தின் தலைசிறந்த ஓட்டுநர்கள். சாலையில் வேறு போக்குவரத்து கிடையாது. 1957-ல் குயிதிட்சோலோ என்ற ஊருக்கு அருகே அல்ஃபோன்சோ தெ போர்த்தகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. அவரும் உடன் சென்றவரும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த 9 பேரும் இறந்தார்கள். அந்த 9 பேரில் 5 பேர் குழந்தைகள். பந்தயம் அத்தோடு நிறுத்தப்பட்டது. டயர் வெடித்த பிறகு ஓட்டுநரின் கைத்திறனுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

110-ஐத் தாண்டினால் ஹேண்டில் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பிக்கிறது. அப்போது என்ன செய்வது? எதைப் பழுது பார்ப்பது?
– ஒரு வாசகர்

ஆடும்போது முதலில் செய்யக் கூடாதவை: ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன் பிரேக்கை வெடுக்கென்று அழுத்தாதீர்கள். இரண்டுமே ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறையுங்கள், முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள், கைகளைத் தளர்வாக வைத்திருங்கள். வேகம் இறங்க இறங்க ஆட்டம் அடங்கும்.

பிறகு வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ‘டக்’ என்று ஒரு ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) தளர்ந்திருக்கிறது. அடுத்து ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் லேசாகக் கவ்வி நின்றால் பேரிங் பாதையில் பள்ளம் விழுந்திருக்கிறது. இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால், அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருப்பது தெரியும். டயர் காற்று, வீல் பேலன்ஸ், பின்னால் கட்டிய கனமான பெட்டி ஆகியவையும் காரணமாகலாம்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். அது அந்த டயர் தாங்கும் உச்ச வேகம். ‘ஜே’ என்றால் 100 கி.மீ., ‘எல்’ 120, ‘பி’ (P) 150, ‘எஸ்’ 180, ‘எச்’ 210. அதுவும் சரியான காற்றும் அளவான பாரமும் இருந்தால்தான். அருகிலேயே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. சைலன்சருக்குச் செலவு செய்கிறவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வருத்தமான விஷயம்.

பிரேக் ஆயிலையும் கவனியுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். அடுத்தடுத்து கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும்; லீவர் மெத்தென்று உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருப்பது 80-ல் பத்திரமாகப் போவதற்கு. 140-க்கு அனுமதிச் சீட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மழையில் 100-ல் போனபோது கார் மிதப்பது போல் இருந்தது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது. ஏன்?
– கார் ஓட்டும் வாசகி

டயருக்கு அடியிலிருந்து தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்கவில்லை. டயர் தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டது. கார் டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், சாலையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது ஏறத்தாழ 94 கி.மீ. வேகத்தில் இது நிகழலாம். காற்று 20-க்கு இறங்கியிருந்தால் 75-லேயே நிகழும். டயர் தேய்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம். அப்படி ஆனால் ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஆக்ஸிலேட்டரை மட்டும் விடுங்கள். திருப்பினாலோ பிரேக் பிடித்தாலோ, டயர் மறுபடி தரையைத் தொடும் கணத்தில் கார் சுழன்றுவிடும்.

என் மகன் இரவில் நண்பர்களோடு வண்டி எடுத்துக்கொண்டு போகிறான். கேட்டால் ‘சும்மா டீ குடிக்க’ என்கிறான். பந்தயத்துக்குத்தான் போகிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய்

அம்மா, வண்டியைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நம்பர் பிளேட் மேல்நோக்கி மடிக்கப்பட்டிருக்கிறதா? கண்ணாடிகள் கழற்றப்பட்டிருக்கின்றனவா? கால் வைக்கும் கம்பியின் அடிமுனை தாரில் உரசித் தேய்ந்திருக்கிறதா? முன் டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா? பின் மட்கார்டின் உட்புறம் பொடிப்பொடியாக ரப்பர் ஒட்டியிருக்கிறதா? ஒன்று இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். மூன்று நான்கு சேர்ந்திருந்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சாவியைப் பிடுங்கி வைப்பதோடு நிறுத்தாதீர்கள். நண்பன் வண்டியில் ஏறிப் போவான். 2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைச் சிலரைத் தனியாகவும், சிலரை நண்பர்கள் பார்க்கும்போதும் ஆட வைத்தார்கள். பதின்வயதினர் நண்பர்கள் முன்னால் ஏறத்தாழ இரண்டு மடங்கு துணிந்து ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ஆகவே மகனைத் தனியே உட்காரவைத்து, கோபம் ஆறிய பிறகு பேசுங்கள். கூட்டத்தில் விருப்பமில்லாமல் போகும் இன்னொரு பையன் கட்டாயம் இருப்பான். அவன் வீட்டாரோடும் பேசி, இருவரும் ஒன்றாக விலகிக்கொள்ள வழி செய்யுங்கள். தனியாக ‘வரவில்லை’ என்று சொல்வது அந்த வயதில் மிகவும் கடினம்.

காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். பந்தயம், வேகச் சோதனை இவற்றில் நேரும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். இன்னொருவர் காலை முறித்துவிட்டால் அந்தச் செலவு குடும்பத்தின் தலையில் விழக்கூடும்.

லாரி ஓட்டுகிறேன். பின்னால் பத்துப் பதினைந்து பைக்குகள் கட் அடித்துக்கொண்டு வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?
– ஓட்டுநர்

அண்ணே, உங்கள் தடத்திலேயே, அதே வேகத்தில் போங்கள். வழிவிடுவதாக நினைத்து ஒதுக்கினால், நீங்கள் ஒதுங்கும் பக்கமே ஒருவன் நுழைந்துகொண்டிருப்பான். அவர்கள் உங்கள் பாதையைக் கணித்துவிட்டுத்தான் இடைவெளி தேடுகிறார்கள். அதை மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பு. மறிக்கவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே 3 விநாடி தூரம் விடுங்கள், ஏனென்றால் விழுகிறவன் அந்த இடத்தில்தான் விழுவான். கடைசி பைக் போய்விட்டது என்று உடனே தடம் மாற்றாதீர்கள். பின்தங்கிய ஒருவன் மற்றவர்களைப் பிடிக்க இன்னும் வேகமாக வருவான். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திய பிறகு காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

கண்ணெதிரே பைக் விபத்து நடந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றலாமா?
– ஒரு வாசகர்

மூச்சு விடுகிறார், பேசுகிறார் என்றால் கழற்றாதீர்கள். முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தலையை அசைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு இல்லை, அல்லது வாயில் ரத்தமோ வாந்தியோ அடைத்திருக்கிறது என்றால் மட்டும் கழற்ற வேண்டும், அதுவும் இரண்டு பேராக. ஒருவர் தாடையையும் பின்கழுத்தையும் கீழிருந்து தாங்கிப் பிடிக்க, மற்றவர் நாடாவை அவிழ்த்து, ஹெல்மெட்டின் இரு பக்கங்களையும் விரித்து, மூக்கில் இடிக்காமல் மெல்ல உருவ வேண்டும். உருவியதும் தலை தொப்பென்று விழாமல் தாங்க வேண்டும். மூச்சு இல்லாவிட்டால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்தியபடியே இருங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பாக ஒருவரை 150 மீட்டர் பின்னால் அனுப்பி, சாலைக்கு வெளியே நின்றபடி வருகிற வண்டிகளுக்குக் கை காட்டச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸை அழைக்கும்போது கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு, எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் மறுபக்கம் வந்துவிட்டால், அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்பித்தான் அவர்களால் வர முடியும்.