கோவளத்தில் சால்மன் வேண்டாம்

வணக்கம். சென்னையை அடுத்த கோவளம் பக்கம் குளம் வெட்டி, நீரைக் குளிரூட்டிச் சால்மன் மீன் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். சால்மனுக்குச் சுகம் 8 முதல் 14 டிகிரி வரைதான். நம் கடலோ மே மாதத்தில் 30. சூடு ஏற ஏற நீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்குத் தேவையோ கூடும். குளிர்நாடான கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலேயே 2019-இல் கடல் சூடாகி, கூண்டுகளில் சுமார் 26 லட்சம் சால்மன்கள் செத்தன. இங்கே ஓர் இரவு மின்சாரம் போய்க் குளிரூட்டல் நின்றால் போதும், மீன்கள் செத்துவிடும்.

(மீன்கடையில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பது நம் காலா மீன். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.)

சால்மனுக்குப் பதில் கொடுவா மீன் விடுங்கள். குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரியது சிறியதை விழுங்கிவிடும். விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே காற்றூட்டியை ஓட விடுங்கள். குஞ்சுக்கு முட்டுக்காடு உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு மையத்தில் விசாரியுங்கள்.