டேட் ஃபீலன் 366 ஓட்டில் தப்பியது எப்படி? டெக்சாஸ் அரசியல் கேள்வி பதில்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றத்தில் கீழவையின் சபாநாயகராக இருந்த குடியரசுக் கட்சியின் டேட் ஃபீலன் 2024-ல் மறுபடியும் தன் தொகுதியில் நின்றபோது, எதிர்க்கட்சியிடம் இல்லை, சொந்தக் கட்சிக்காரர்களிடமே தோற்கும் நிலைக்கு வந்தார். கடைசியில் 366 ஓட்டில் தப்பினார். அதைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் ஃபீலனின் ஆதரவாளன் இல்லை. கருக்கலைப்பு, துப்பாக்கி இரண்டிலும் அவரோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் அந்தத் தேர்தலில் அவர்மேல் சொல்லப்பட்டதற்கும் சபையில் அவர் செய்ததற்கும் இருந்த தூரம் என்னை மிகவும் பாதித்தது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: யார் இந்த ஃபீலன்? எந்த ஊர்க்காரர்?

போமான்ட். ஹூஸ்டனிலிருந்து கிழக்கே, லூசியானா எல்லைக்குப் பக்கம். 1901-ல் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்ட ஊர் அதுதான். இன்றைக்கும் சுத்திகரிப்பு ஆலைகளை நம்பி வாழும் பகுதி. 2017-ல் ஹார்வி புயல் மூழ்கடித்த பகுதியும்கூட. ஃபீலன் 1975-ல் பிறந்தவர், குடும்பத்துக்கு ரியல் எஸ்டேட் தொழில். 2014-ல் முதல்முறை ஜெயித்து 21-வது தொகுதியின் உறுப்பினரானார். 2021 ஜனவரியில் 143-க்கு 2 என்ற ஓட்டில் சபாநாயகர். 2023-ல் மறுபடியும், 145-க்கு 3. அதாவது இரண்டு கட்சியினரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: சார், சிலர் இவரை மிதவாதி என்கிறார்கள், எதிரிகள் 'ரைனோ' என்கிறார்கள். உண்மையில் இவர் பழமைவாதியா இல்லையா?

ரைனோ என்றால் பெயருக்கு மட்டும் குடியரசுக் கட்சிக்காரர் என்று அர்த்தம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒரு விஷயம். சபாநாயகர் வழக்கமாக ஓட்டுப் போடுவதில்லை. ஆகவே அவருடைய ஓட்டுப் பட்டியலைப் பார்த்து எதுவும் தெரியாது. எந்த மசோதா சபைக்கு வந்தது, எது குழுவிலேயே செத்தது, யாரைக் குழுத் தலைவராகப் போட்டார், இதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் 2021 ஒன்றே போதும். கருவில் இதயத் துடிப்பு தெரிந்த பிறகு, அதாவது சுமார் ஆறு வாரத்துக்குப் பின், கருக்கலைப்பைத் தடுக்கும் செனட் (மேலவை) மசோதா 8 அவர் தலைமையில்தான் கீழவையில் நிறைவேறியது. அதை அமல்படுத்தும் வேலையை அரசு எடுத்துக்கொள்ளாமல், தனிமனிதர் யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டுக் குறைந்தது 10,000 டாலர் பெறலாம் என்று வைத்தார்கள். அதே ஆண்டு, உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் சட்டம். அப்புறம் தேர்தல் விதிகளை இறுக்கிய சட்டம். அதைத் தடுக்க ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் வாஷிங்டனுக்கு விமானம் ஏறிப் போனார்கள். சபை கூட 150 பேரில் 100 பேராவது வேண்டும். கோரம் இல்லாமல் சபை நின்றது. வராத 52 பேரைப் பிடித்து வரச் சொல்லி உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் ஃபீலன்.

2023-ல் திருநர் சிறாருக்கான ஹார்மோன் சிகிச்சைத் தடை, அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடும் சட்டம். இவ்வளவும் செய்தவரை இடதுசாரி என்றால் எந்த அளவுகோலில் என்று எனக்குப் புரியவில்லை.

மிதமான பக்கமும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஏழைத் தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் கிடைக்கும் மெடிக்கெய்டு காப்பீட்டை இரண்டு மாதத்திலிருந்து ஓராண்டாக நீட்ட வேண்டும் என்று 2021-லேயே கீழவை சொன்னது. செனட் அதை ஆறு மாதமாக வெட்டியது. ஃபீலன் விடாமல் 2023-ல் மறுபடியும் கொண்டுவந்து 12 மாதமாக்கினார். டெக்சாஸில் பிரசவத்தோடு தொடர்புடைய மரணங்களில் கணிசமானவை குழந்தை பிறந்து பல வாரம் கழித்து நடப்பவை. அவர் செய்ததிலேயே நான் மனதாரப் பாராட்டுவது இதைத்தான்.

கேள்வி: அப்படியென்றால் சொந்தக் கட்சியே ஏன் அவரை வீழ்த்தப் பார்த்தது?

கென் பாக்ஸ்டன். ஒரே பெயரில் பதில் அது.

பாக்ஸ்டன் மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர், அதே குடியரசுக் கட்சி. ஆஸ்டின் ரியல் எஸ்டேட் முதலாளி ஒருவருக்காகப் பதவியைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று 2020-ல் அவருடைய மூத்த அதிகாரிகளே எஃப்பிஐயிடம் போனார்கள். அவர்களில் வேலை இழந்த நான்கு பேர் வழக்குப் போட்டார்கள். 2023-ல் 33 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசி, அந்தப் பணத்தைச் சட்டமன்றம் தர வேண்டும் என்று பாக்ஸ்டன் கேட்டார். மக்கள் வரிப்பணம் கொடுக்க வேண்டுமென்றால் நடந்தது என்ன என்று தெரிய வேண்டாமா? கீழவையின் விசாரணைக் குழு அங்கிருந்துதான் தோண்ட ஆரம்பித்தது. 2023 மே 27 அன்று 20 குற்றச்சாட்டுகளோடு பதவிநீக்கத் தீர்மானம் 121-க்கு 23 என்று நிறைவேறியது. 85 குடியரசுக் கட்சியினரில் 60 பேர் ஆதரித்தார்கள். செப்டம்பர் 16 அன்று செனட் அவரை விடுவித்தது. தண்டிக்க 21 ஓட்டு தேவை. எந்தக் குற்றச்சாட்டுக்கும் 14-க்கு மேல் விழவில்லை.

பாக்ஸ்டன் தான் தப்புச் செய்யவில்லை என்று தொடக்கத்திலிருந்தே சொன்னார், செனட்டும் விடுவித்துவிட்டது. அதை மதிக்க வேண்டும். ஆனால் விசாரணைக்கு அனுப்பியதே துரோகம் என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. செலவழிக்கும் முன் கேள்வி கேட்பதுதானே சபையின் வேலை?

2024 பிப்ரவரியில் மாநிலக் கட்சிச் செயற்குழு ஃபீலனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது, 55-க்கு 4. பதவிநீக்கத் தீர்மானத்தோடு, ஜனநாயகக் கட்சியினருக்குச் சில குழுத் தலைமைகளைக் கொடுத்தார் என்பதும் குற்றச்சாட்டு. அது அவர் கண்டுபிடித்த வழக்கம் இல்லை, அவருக்கு முந்தைய குடியரசுக் கட்சி சபாநாயகர்களும் செய்ததுதான்.

கேள்வி: கட்சி சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவி போகாதா? கொறடா கிடையாதா அண்ணா?

அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. கட்சி உறுப்பினர் பதவியைப் பறிக்க முடியாது, வேட்பாளரைத் தலைமை அறிவிக்கவும் முடியாது. தண்டனை ஒரே இடத்தில்தான்: பிரைமரி, அதாவது உட்கட்சித் தேர்தல். யார் வேண்டுமானாலும் எதிர்த்து நிற்கலாம். பெரிய ஆட்கள் அந்தப் போட்டியாளரின் பின்னால் நின்றால் கொறடா உத்தரவைவிட அது பயங்கரம்.

கேள்வி: தேர்தலில் என்னதான் நடந்தது?

எதிர்த்து நின்றவர் டேவிட் கோவி, ஆரஞ்ச் மாவட்டக் கட்சியின் முன்னாள் தலைவர். டிரம்ப், பாக்ஸ்டன், துணை ஆளுநர் டான் பேட்ரிக் மூவரும் கோவி பக்கம். முன்னாள் ஆளுநர் ரிக் பெர்ரி ஃபீலன் பக்கம். ஆளுநர் கிரெக் அபட் இதில் தலையிடவில்லை.

மார்ச் 5 முதல் சுற்றில் கோவிக்குச் சுமார் 46 சதவீதம், ஃபீலனுக்குச் சுமார் 43. யாருக்கும் பாதி வராததால் மே 28-ல் இரண்டாம் சுற்று. பதவியில் இருக்கும் சபாநாயகர் இப்படி இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டது 1972-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. 1972-ல் ரேஃபர்ட் பிரைஸ் தோற்றார். ஃபீலன் தப்பினார்: 25,000-க்குச் சற்று மேல் பதிவான ஓட்டில் 366 வித்தியாசம்.

பணம் பல மில்லியன் டாலர் ஓடியது. டெக்சாஸில் சட்டமன்ற வேட்பாளருக்குத் தனிமனிதர் கொடுக்கும் நன்கொடைக்கு உச்சவரம்பே இல்லை. ஆண்டுக்கு 7,200 டாலர் சம்பளம் வரும் ஒரு பதவிக்காக இவ்வளவு!

வீடுகளுக்கு வந்த ஒரு பிரசுரத்தில் ஃபீலன், ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைவரான நான்சி பெலோசியைக் கட்டிப்பிடிப்பது போலப் படம் இருந்தது. அது வேறொருவர் உடம்பில் அவர் முகத்தை ஒட்டிய படம். கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தவரை அப்படிக் காட்டினார்கள், அதை நம்பியவர்களும் இருந்திருப்பார்கள். 2025-ல் ஃபீலன், தேர்தல் விளம்பரத்தில் படத்தையோ குரலையோ மாற்றியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். கீழவை நிறைவேற்றியது. மசோதாவின் எண் 366.

கேள்வி: ஜனநாயகக் கட்சியினர் வந்து ஓட்டுப் போட்டுக் காப்பாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். அது சாத்தியமா?

சாத்தியம்தான், சட்டப்படியும் சரி. டெக்சாஸில் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது. பிரைமரி நாளில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம், ஒன்றுதான். மார்ச்சில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போட்டவர் மே மாதம் குடியரசுக் கட்சியின் இரண்டாம் சுற்றில் போட முடியாது. மார்ச்சில் போடாதவர் போடலாம்.

எனக்கு இதில் தப்பு தெரியவில்லை. அந்தத் தொகுதியில் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் ஜெயிப்பவர்தான் உறுப்பினர், நவம்பர் வெறும் சடங்கு. தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் ஒரே வாய்ப்பை ஒரு குடிமகன் ஏன் விட வேண்டும்?

கேள்வி: நான் டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் வீடு வாங்கியவன். சொத்து வரி குறைந்ததில் இவருக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் அவர் கேட்ட வழியில் குறையவில்லை. குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது பழைய விதி. அதை 5 ஆக்க வேண்டும் என்றார் ஃபீலன். துணை ஆளுநர் என்ற முறையில் செனட்டுக்குத் தலைமை தாங்கும் பேட்ரிக்கோ ஹோம்ஸ்டெட் விலக்கை, அதாவது சொந்தக் குடியிருப்பு வீட்டின் மதிப்பில் பள்ளி வரி போடாமல் கழித்துவிடும் தொகையை, உயர்த்துவோம் என்றார். 2023 மே 30 அன்று சிறப்புக் கூட்டத்தொடர் தொடங்கியதுமே கீழவை தன் மசோதாவை நிறைவேற்றிவிட்டு, 'எங்கள் வேலை முடிந்தது' என்று ஒத்திவைத்துக் கலைந்துவிட்டது. செனட்டுக்குக் கடும் கோபம். கடைசியில் விலக்கு 40,000-லிருந்து 1,00,000 டாலரானது, நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். மொத்த நிவாரணம் சுமார் 1,800 கோடி டாலர். உங்கள் பில்லில் தெரிவது பேட்ரிக்கின் வழி. வாடகைக்கு விட்ட வீடு, சின்னக் கடை போன்றவற்றின் மதிப்பு ஏற்றத்துக்கு வந்த 20 சதவீத வரம்பில் மதிப்புக்கு உச்சவரம்பு என்ற ஃபீலன் தரப்பின் யோசனை கொஞ்சம் மிஞ்சியது.

கேள்வி: தனியார் பள்ளி வவுச்சர் விஷயத்தில் அவர் நிலைப்பாடு என்ன?

வவுச்சர் என்றால் பிள்ளையின் தனியார் பள்ளிச் செலவுக்கு அரசுப் பணம் கொடுப்பது. 2023 நவம்பரில் அதை மசோதாவிலிருந்து நீக்கும் திருத்தம் 84-க்கு 63 என்று ஜெயித்தது. 21 குடியரசுக் கட்சியினர் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்தார்கள். பெரும்பாலும் கிராமப்புறத்துக்காரர்கள். அங்கே பக்கத்தில் தனியார் பள்ளியே இல்லை, பல ஊர்களில் பள்ளி மாவட்டம்தான் பெரிய வேலை கொடுக்கும் இடம். அவர்கள் தொகுதிக்கு உண்மையாக இருந்தார்கள் என்பது என் கருத்து. ஃபீலன் ஓட்டுப் போடவில்லை, ஆனால் தன் உறுப்பினர்களை வளைக்கவும் இல்லை. அபட் வளைத்தார். பென்சில்வேனியாவின் கோடீஸ்வரர் ஜெஃப் யாஸ் கொடுத்த 60 லட்சம் டாலர் உட்பட பெரும் பணத்தோடு அந்த உறுப்பினர்களுக்கு எதிராக ஆளுநரே ஊர் ஊராகப் போனார். 2024 பிரைமரிகளில் கீழவையின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 15 பேர் தோற்றார்கள். எல்லாமே வவுச்சரால் இல்லை, பாக்ஸ்டன் கணக்குத் தீர்த்ததும் அதில் உண்டு.

கேள்வி: ஜெயித்தும் ஏன் சபாநாயகர் பதவி போனது?

அந்த 15 பேரின் இடத்தில் வந்தவர்களில் பலருக்கு ஃபீலன் வேண்டாம். 2024 டிசம்பரில் அவரே விலகிக்கொண்டார். 2025 ஜனவரி 14-ல் அவருடைய நெருங்கிய கூட்டாளி டஸ்டின் பரோஸ், அதே கட்சியின் டேவிட் குக்கை 85-க்கு 55 என்று வென்று சபாநாயகரானார். அந்த 85-ல் 49 பேர் ஜனநாயகக் கட்சியினர். ஆனால் அதே மாதம் வந்த புதிய விதிகளில் குழுத் தலைவர் பதவி பெரும்பான்மைக் கட்சிக்கு மட்டும் என்றானது. ஆளை மாற்ற முடியாதவர்கள் விதியை மாற்றிக்கொண்டார்கள்.

2025 ஏப்ரலில் வவுச்சர் சட்டம் 86-க்கு 61 என்று கீழவையில் நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்தவர்கள் இரண்டே பேர், கேரி வான்டீவரும் ஃபீலனும். சபாநாயகர் நாற்காலி போனதால் இப்போது ஓட்டுப் போட்டார், எல்லோருக்கும் தெரிந்தது.

கேள்வி: எங்கள் தொகுதி உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். சட்டமன்ற இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் அதன் வரலாறு வரும். அதிலிருந்து அன்றைய சபைக் குறிப்பேட்டுக்குப் போனால், பதிவு செய்த ஓட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர்வாரிப் பட்டியல் இருக்கும். கடைசி ஓட்டை மட்டும் பார்க்காதீர்கள், திருத்தங்களின் ஓட்டைப் பாருங்கள். 2023-ல் வவுச்சர் விழுந்தது ஒரு திருத்தத்தில்தான். கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டில் ஜனவரியில் தொடங்கி 140 நாள். ஆகவே மே கடைசி இரண்டு வாரத்துக் குறிப்பேடுகளில்தான் பெரும்பாலான விஷயம் கிடக்கும்.