இரண்டு லட்சம் கட்டியாச்சே, இனி பாலிசியை விடலாமா?

கேள்வி: ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 10 ஆண்டுகள் கட்டினால், 20 ஆண்டு முடிவில் 20 லட்சம் உறுதியாகக் கிடைக்கும் என்ற பாலிசி எடுத்திருக்கிறேன். ஆயுள் காப்பீடு 10 லட்சம். இரண்டு தவணை கட்டிவிட்டேன்; மூன்றாவது அடுத்த மாதம். "இதில் லாபமே இல்லை, நிறுத்து" என்கிறார் அலுவலகத் தோழி. ஏஜென்ட் என் நாத்தனார் கணவர். "ரெட்டிப்பா வர்றதை யாராவது விடுவாங்களாம்மா? இப்ப நிறுத்தினா போட்ட காசு போயிடும்" என்கிறார். எதிர்வீட்டு மாமாவுக்கு இதே மாதிரி பாலிசியில் பெரிய தொகை வந்தது. யார் சொன்னாலும் சரி என்றே தோன்றுகிறது. எப்படித்தான் முடிவெடுப்பது? - வாசகி, விருதுநகர்.

பதில்: யாரை நம்புவது என்று யோசித்தால் முடிவே வராது. ஒரு தாளை எடுத்து, உங்களிடம் சொல்லப்பட்ட நான்கு வாக்கியங்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இதில் என்ன விடுபட்டிருக்கிறது?" என்று கேட்டு நிரப்புங்கள்.

"ரெட்டிப்பா வரும்." விடுபட்டது காலம். உங்கள் முதல் லட்சம் அவர்களிடம் 20 ஆண்டு இருக்கிறது, பத்தாவது லட்சம் 11 ஆண்டு. சராசரி பதினைந்தரை ஆண்டு. 72-ஐ 15.5-ஆல் வகுத்தால் சுமார் 4.6 வரும்; பணம் இரட்டிப்பாகும் வட்டி விகிதத்தை மனக்கணக்காகப் பிடிக்கும் பழைய வழி இது. எக்செல்லில் துல்லியமாகப் போட்டால் 4.5%. விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறுவதாக வைத்துக்கொண்டால், 20 ஆண்டு கழித்து வரும் 20 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஏழரை லட்சம்தான்.

"லாபமே இல்லை." இதுவும் அரைகுறை வாக்கியம். 4.5% என்பது பூஜ்யம் இல்லை. எதோடு ஒப்பிட்டு லாபம் இல்லை என்று உங்கள் தோழி சொல்ல வேண்டும். அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்.-ஐ (பொது வருங்கால வைப்பு நிதி) எடுத்துக்கொள்வோம். அதன் வட்டி 2020 ஏப்ரலில் 7.1% ஆனது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் விகிதம், மாறக்கூடியது. இதே பணத்தை இதே தேதிகளில் 7.1%-ல் போட்டிருந்தால் 20 ஆண்டு முடிவில் சுமார் 29.5 லட்சம்.

"மாமாவுக்குப் பெரிய தொகை வந்தது." அவர் எவ்வளவு கட்டினார், எத்தனை ஆண்டு கட்டினார், அவர் பாலிசி எடுத்தபோது வங்கி வட்டி என்ன? இந்த மூன்றும் தெரியாமல் அந்தத் தொகையை வைத்து எதையும் சொல்ல முடியாது. இன்னொன்று: நடுவில் பிரீமியம் கட்ட முடியாமல் விட்டவர்களும் அதே தெருவில் இருப்பார்கள். அவர்கள் அதைப் பற்றி வாசலில் உட்கார்ந்து பேசுவதில்லை.

ஏஜென்டுக்கு கமிஷன் உண்டு; முதல் ஆண்டில் அதிகம், பிறகு குறைவு. அதனால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது, உறவைச் சந்தேகிக்கவும் வேண்டாம். எந்தக் கணக்கை அவர் தானாகப் போட்டுக்காட்ட வாய்ப்பில்லை என்பதற்கு மட்டும் அதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான்காவது வாக்கியம்: "போட்ட காசு போயிடும்." உங்களைப் பிடித்து வைத்திருப்பது இதுதான், அதனால் இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் அந்த 2 லட்சம் கையைவிட்டுப் போனது போனதுதான். இன்று உங்கள் கையில் இருப்பவை இரண்டு: இனி கட்டப்போகும் 8 லட்சம், பாலிசியை இன்று ஒப்படைத்தால் வரும் சரண்டர் தொகை. கேள்வி இவற்றைப் பற்றியதாக மட்டும் இருக்க வேண்டும். "அன்று எடுத்தது சரியா?" என்பது வேறு கேள்வி, அதற்கான விடையும் வேறு.

வேறு என்று சொல்வது ஏன் என்று எண்களிலேயே பாருங்கள். சரண்டர் தொகை 60,000, அதாவது கட்டியதில் 30% என்று வைத்துக்கொள்வோம். அந்த 60,000-ஐ விட்டுக்கொடுத்து, மேலும் 8 லட்சம் கட்டி, 18 ஆண்டு கழித்து 20 லட்சம் வாங்கினால், இன்றிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு சுமார் 5.8%. ஆரம்பத்தில் 4.5% தந்த அதே பாலிசி, இன்று 5.8% தருகிறது. நுழைவுச் செலவை ஏற்கெனவே கொடுத்துவிட்டதால் வரும் மாற்றம் இது. அதனால்தான் "மோசமான பாலிசி, உடனே தூக்கிப் போடு" என்ற அறிவுரையும் அவசரமானது. பாதி தூரம் கட்டியவருக்குத் தொடர்வதே நல்லது என்றுகூட விடை வரலாம்.

உங்கள் நிலையில் வழிகள் இரண்டல்ல, மூன்று. தொடர்ந்தால் 20 லட்சம். சரண்டர் செய்து, அந்த 60,000-ஐயும் வரும் 8 லட்சத்தையும் 7.1%-ல் போட்டால் ஏறக்குறைய 24 லட்சம். யாரும் உங்களிடம் சொல்லாத மூன்றாவது வழி பெய்ட்-அப். இனி கட்டாமல் பாலிசியை அப்படியே விட்டுவைப்பது. பத்தில் இரண்டு தவணை கட்டியதால் முதிர்வில் ஐந்தில் ஒரு பங்கு, 4 லட்சம், கிடைக்கும் என்று வைத்தால், 8 லட்சத்தை வேறிடத்தில் போட்டு வருவது 21.9 லட்சம், மொத்தம் 25.9 லட்சம். "தொடர்வதா, நிறுத்துவதா" என்று இரண்டாக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இது கண்ணிலேயே படாது.

இந்த விடை எப்போது தலைகீழாகும் என்பதையும் எழுதி வையுங்கள். பெய்ட்-அப் தொகை பாலிசிக்குப் பாலிசி மாறும். அது 4 லட்சத்துக்குப் பதில் 2 லட்சம்தான் என்றால் சரண்டரும் பெய்ட்-அப்பும் கிட்டத்தட்ட சமம். வெளியே கிடைக்கும் வட்டி 18 ஆண்டுச் சராசரியில் சுமார் 4.8%-க்குக் கீழே போனால் தொடர்வதே மேல். இதற்கெல்லாம் மேலாக ஒன்று: பிரீமியம் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் அந்த மாதம் 8,300 ரூபாய் வீட்டுச் செலவில் கரைந்துவிடுமா? இதற்கு ஆசையை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். கடந்த ஓராண்டு வங்கிப் பாஸ்புக்கைத் திறந்து, கட்டாயம் இல்லாமல் நீங்களாகச் சேர்த்தது எவ்வளவு என்று பாருங்கள். கரையும் என்றால் 7.1% ஒப்பீடே செல்லாது.

காப்பீட்டையும் மறக்க வேண்டாம். பெய்ட்-அப் ஆக்கினால் 10 லட்சம் காப்பீடும் சுருங்கும், சரண்டர் செய்தால் மொத்தமாகப் போகும். அதற்கு ஒரு டேர்ம் பாலிசி வேண்டும்; முதிர்வுத் தொகை இல்லாமல், இறப்புக்கு மட்டும் பணம் தரும் காப்பீடு அது. 18 ஆண்டும் அதற்கு ஆண்டுக்கு 10,000 போவதாக வைத்தால்கூட, 25.9 லட்சம் 22.2 லட்சமாகக் குறையுமே தவிர 20-க்குக் கீழே வராது. உங்கள் வயதுக்கும் உடல்நிலைக்கும் உரிய பிரீமியத்தைக் கேட்டு, அதை வைத்து மறுபடி போடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, ஆகவே அடுத்த மாதத் தவணைத் தேதிக்குப் பிறகும் 30 நாள் அவகாசம் இருக்கிறது. நிறுவனத்தின் கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பி, இன்றைய தேதியில் சரண்டர் தொகை, பெய்ட்-அப் ஆக்கினால் முதிர்வுத் தொகை, அப்போது மீதமிருக்கும் காப்பீடு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு தவணைக்கே பெய்ட்-அப் தகுதி உண்டா என்பது பாலிசிப் பத்திரத்திலேயே இருக்கும். 20 லட்சமும் "உறுதி" என்ற பகுதியில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 4%, 8% என்ற தலைப்பின் கீழ் இருந்தால் அது அனுமானம்தான், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

மாறுவதென்றால் வரிசை முக்கியம்: முதலில் டேர்ம் பாலிசி கைக்கு வரட்டும், பிறகு பழையதைத் தொடுங்கள். பி.பி.எஃப்.-ல் ஆண்டுத் தொகையை ஏப்ரல் 5-க்குள் போட்டால் அந்த மாத வட்டியும் சேரும். எட்டு ஆண்டுக்குப் பிறகும் கணக்கு உயிரோடு இருக்க ஆண்டுக்கு 500 ரூபாயாவது கட்ட வேண்டும். 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம்.

நாத்தனார் கணவரிடம் "ஏன் இதை என் தலையில் கட்டினீங்க?" என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். "அண்ணா, இந்த மூணு தொகையும் கம்பெனிகிட்டயிருந்து எழுத்துல வாங்கித் தாங்க, நாம சேர்ந்தே கணக்குப் போடலாம்" என்று கேளுங்கள்.