வெள்ளைப் புள்ளி, வீங்கிய வயிறு, மஞ்சள் தூள்: நோயுற்ற மீன்கள் பற்றிக் கேள்வி பதில்

வண்ண மீன் வளர்ப்போர் குழுவின் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சென்னை கொளத்தூர் பக்கம் மீன் குஞ்சு பொரிக்கும் சின்னப் பண்ணை வைத்திருக்கும் மூத்த உறுப்பினர். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் அவர் ‘அக்கா’தான்.

அக்கா: வணக்கம். கேட்கும்போதே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தொட்டி எத்தனை லிட்டர், தொட்டி வைத்து எவ்வளவு நாள் ஆகிறது, கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது. என்ன மருந்து ஊற்றலாம் என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

கப்பி ராஜா, திருப்பூர்: அக்கா, 50 லிட்டர் தொட்டி, ஒரு வருஷமாக ஓடுகிறது. போன வாரம் புதிதாக நான்கு மோலி மீன் வாங்கி உள்ளே விட்டேன். இப்போது கப்பி எல்லாவற்றிலும் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. கல்லில் போய் உடம்பை உரசுகின்றன. நீல மருந்து ஊற்றினேன், இரண்டு நாளில் புள்ளி போனது. ஐந்தாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்துவிட்டது.

அக்கா: நன்றாகக் கேட்டீர்கள், லிட்டரும் சொன்னீர்கள். இது வெள்ளைப் புள்ளி நோய், இக் என்று சொல்வார்கள். ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது வாழும் விதம் புரிந்தால் ‘திரும்பி வந்தது’ ஏன் என்பதும் புரியும்.

நீங்கள் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வயிறு நிறைந்ததும் தானாகக் கழன்று தரையில் விழும், கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. அதற்குள் ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரிந்து, குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும். ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். அந்த நீந்தும் கட்டத்தில் மட்டும்தான் மருந்தாலோ உப்பாலோ அதைக் கொல்ல முடியும். ஆக, உங்கள் புள்ளி இரண்டு நாளில் மறைந்தது மருந்தால் இல்லை. தின்று முடித்து இறங்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் மருந்தை நிறுத்திய நேரமும் குஞ்சுகள் வெளியே வந்த நேரமும் ஒன்றாகிவிட்டது.

உங்களிடம் இருப்பது கப்பியும் மோலியும். இரண்டுமே உப்பு தாங்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 100 கிராம் கல் உப்பு எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஹீட்டரை ஒரே மூச்சில் ஏற்றாமல் இரண்டு நாளில் 30 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். சூடு ஏறினால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக ஓடி, நமக்கு வசமான கட்டத்துக்குச் சீக்கிரம் வரும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். தினமும் தரையைச் சைஃபன் குழாய் போட்டு உறிஞ்சுங்கள், கூடுகள் அங்கேதான் கிடக்கின்றன. எடுத்த தண்ணீருக்குச் சமமாகப் புதுத் தண்ணீர் விடும்போது அந்த அளவுக்கான உப்பையும் சேர்க்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இதையே தொடருங்கள். தொட்டியில் செடி இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், உப்பில் வாடும்.

அடுத்த முறை புது மீனைத் தனி டப்பில் மூன்று வாரம் வையுங்கள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும்.

வேளச்சேரி வாசி: அக்கா, பையனின் பிறந்தநாளுக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு கோல்டு ஃபிஷ் வாங்கினோம். நேற்று கிண்ணத்தைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, கூழாங்கல்லையும் கழுவி, மெட்ரோ வாட்டர் நிரப்பினேன். காலையிலிருந்து இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. என்ன நோய்?

அக்கா: நோய் இல்லை அம்மா, குளோரின். உடனே ஆன்டி குளோரின் வாங்கி, பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுக்கு ஊற்றுங்கள். ஏர் பம்ப் இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்கிவிடுங்கள். சோப்பு இனி கிண்ணத்தின் பக்கமே வரக் கூடாது.

ஆனால் குளோரினிலிருந்து தப்பினாலும் அடுத்தது காத்திருக்கிறது. மீன் விடும் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகும். பழகிய தொட்டியில் நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இந்தப் பாக்டீரியா கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் ‘நன்றாகக் கழுவினேன்’ என்கிறீர்களே, கொஞ்சநஞ்சம் குடியேறியிருந்ததையும் சோப்போடு அனுப்பிவிட்டீர்கள்.

இன்னொன்று. தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7 ஆக இருந்தால் அமோனியாவில் பெரும்பகுதி தீங்கில்லாத வடிவில் இருக்கும். 8 ஆனால் விஷ வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும். கோடையில் தண்ணீர் சூடேறினால் இன்னும் கூடும். நம் போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: மருந்துக் கடைக்கு முன்னால் டெஸ்ட் கிட். அமோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றும் பார்க்கும் கிட் போதும். நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு 1 கிராம் உப்பு போடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும்.

கிண்ணத்தைப் பற்றி: கோல்டு ஃபிஷ் ஓர் அடி வரை வளரக்கூடிய மீன். கிண்ணத்தில் பூ மிதக்க விடுங்கள்.

சேலம் செந்தில்: தொட்டி எத்தனை லிட்டர் என்று தெரியாது, கடையில் இரண்டடித் தொட்டி என்றார்கள். ஃபைட்டர் மீனுக்கு வால் கிழிந்து கிழிந்து போகிறது.

அக்கா: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கணக்கு அந்த 45-க்குத்தான். வாலின் ஓரம் கறுத்தோ வெளுத்தோ அரித்துக்கொண்டு வந்தால் வால் அழுகல், தண்ணீரைச் சரிசெய்தாலே பெரும்பாலும் நிற்கும். ஓரம் சுத்தமாகக் கிழிந்திருந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் செடியை எடுத்துவிடுங்கள்.

நெல்லை மீனவன்: அக்கா, என் மீனுக்கு வெள்ளைப் புள்ளி. என்ன செய்யலாம்?

அக்கா: திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அப்புறம் லிட்டர்?

ஆரஞ்சு வால், கோவை: உருண்டை உடம்பு கோல்டு ஃபிஷ். மூன்று நாளாகத் தலைகீழாக மிதக்கிறது. 120 லிட்டர், வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அக்கா: உருண்டை ரகங்களுக்கு இது அடிக்கடி வரும். உடம்பைக் குட்டையாக்கி வளர்த்ததில் குடலுக்கும், மீன் நிலையாக மிதக்க உதவும் காற்றுப்பைக்கும் உள்ளே இடமில்லை. இரண்டு நாள் பட்டினி போடுங்கள். பிறகு பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கி, ஒரே ஒரு பட்டாணி அளவு கொடுங்கள். மிதக்கும் தீனியை நிறுத்திவிட்டு, ஊறவைத்து மூழ்கும் தீனிக்கு மாறுங்கள். முதுகு தண்ணீருக்கு மேலே காய்ந்து புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்தில் தேறாவிட்டால் காற்றுப்பையிலேயே கோளாறு என்று அர்த்தம். மாற்றிமாற்றி மருந்து ஊற்றாதீர்கள். சில மீன்கள் கோணலாக நீந்திக்கொண்டே வருஷக்கணக்கில் வாழ்கின்றன.

தோட்டத்து ஐயா, திண்டுக்கல்: அம்மா, நீங்கள் இவ்வளவு உப்பு, மருந்து, கிட் என்கிறீர்கள். நாங்கள் கிணற்றில் மீன் விட்டு வளர்த்த காலத்திலிருந்தே மீனுக்குப் புண் வந்தால் மஞ்சள்தான். போன மாதம் என் மோலிக்குப் பஞ்சு மாதிரி வந்தது. பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை ஸ்பூன் மஞ்சள் தூள் போட்டேன். நான்கு நாளில் சரி. காசும் இல்லை, ரசாயனமும் இல்லை.

அக்கா: ஐயா, மீன் பிழைத்ததில் மகிழ்ச்சி. நீங்கள் இரண்டு காரியம் செய்திருக்கிறீர்கள்: பாதித் தண்ணீரை மாற்றினீர்கள், மஞ்சள் போட்டீர்கள். பெயர் மஞ்சளுக்குப் போய்விட்டது. எனக்கென்னவோ தண்ணீர்தான் காப்பாற்றியிருக்கிறது.

பயோடெக் பாபு: அக்கா, மஞ்சளில் இருக்கும் குர்குமின் பாக்டீரியாவைத் தடுக்கும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்களே?

அக்கா: தட்டில் வைத்துச் சோதித்தால் தடுக்கும். தொட்டியில் என்ன ஆகும்? குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. வெளிச்சத்திலும் காரத் தண்ணீரிலும் சீக்கிரம் சிதைந்துவிடும். கரையாத தூள் எங்கே போகும்? செவுளில் படியும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் மீனுக்கு அது கூடுதல் சுமை. கடைத் தூளில் கலப்படம் இருந்தால் நிறத்துக்காகச் சேர்க்கும் ஈயக் குரோமேட் என்ற விஷமும் சேர்ந்து உள்ளே போகும். பண்ணைகளில் தீனியில் மஞ்சள் கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. வாயால் தின்பது வேறு, தண்ணீரில் தூவுவது வேறு.

தோட்டத்து ஐயா: அப்படியானால் எங்கள் கிணற்று மீன் எப்படி உயிரோடு இருந்தது?

அக்கா: கிணற்றில் எத்தனை ஆயிரம் லிட்டர் ஐயா! பத்து கெண்டைக்கு அவ்வளவு தண்ணீர் இருந்தால் என் பண்ணையில் மருந்து அலமாரியே தேவையில்லை. அங்கே மஞ்சள் போட்டாலும் போடாவிட்டாலும் மீன் பிழைத்திருக்கும்.

ஆரஞ்சு வால்: ஐயா பக்கம் ஒரு ஓட்டு. பாதாம் இலையும் நாட்டு வைத்தியம்தானே, அதை மட்டும் எல்லோரும் ஏன் ஒத்துக்கொள்கிறீர்கள்?

அக்கா: சரியான கேள்வி. நாட்டு வாதுமை இலையைத் தாய்லாந்தில் ஃபைட்டர் வளர்ப்பவர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள், நானும் போடுகிறேன். அதிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் தண்ணீரில் கரையும், தூளாகச் செவுளில் படியாது. பூஞ்சையை ஓரளவு தடுக்கும், பயந்த மீனை அடக்கும். தானாகப் பழுத்து உதிர்ந்த இலை, பூச்சிமருந்து படாதது, காயவைத்து 20 லிட்டருக்கு ஒன்று. ஆனால் அதுவும் பி.எச். இறக்கும் என்று நம்பி நம் கடினமான போர் தண்ணீரில் போட்டால் தண்ணீர் பழுப்பாகும், பி.எச். நகராது. நாட்டு வைத்தியம் என்பதால் எதையும் தள்ளவும் இல்லை, கொள்ளவும் இல்லை. தொட்டிக்குள் அது என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

தோட்டத்து ஐயா: ஒத்துக்கொள்ள மாட்டேன் அம்மா. அடுத்த தடவை இரண்டு தொட்டியில் வைத்துப் பார்க்கிறேன்.

அக்கா: அதைத்தான் செய்ய வேண்டும் ஐயா. ஒன்றில் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், இன்னொன்றில் மாற்றி மஞ்சளும் போடுங்கள். முடிவை இங்கேயே எழுதுங்கள், எப்படி வந்தாலும். ஆனால் ஐயா சொன்ன பஞ்சு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: வாயைச் சுற்றியோ முதுகில் சேணம் மாதிரியோ வெள்ளையாகப் படர்ந்து வேகமாகப் பரவினால் அது பூஞ்சை இல்லை, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. வெள்ளைப் புள்ளிக்குச் சொன்னதுபோல அதற்குச் சூடு ஏற்றினால் மீன் இன்னும் சீக்கிரம் போகும்.

மாதவரம் மணி: அதற்கு டெட்ராசைக்ளின் மாத்திரை உடைத்துப் போடலாமா? மருந்துக் கடையில் கிடைக்கிறது.

அக்கா: கடினமான தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிவாங்கும். அரைகுறை அளவில் ஊற்றி மிச்சத்தைச் சாக்கடையில் விட்டால் மருந்துக்கு மசியாத கிருமியைத்தான் வளர்க்கிறோம். கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம். எந்த மருந்து போட்டாலும் ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

குட்டி அரோவானா: வெள்ளைப் புள்ளிக்கு மருந்து சொல்லுங்க அக்கா, அவசரம்.

அக்கா: மேலே. மேலே. மேலே.

பெயர் வேண்டாம்: நான்கு வருஷமாக இருக்கும் என் ஏஞ்சல் மீனுக்கு வயிறு வீங்கி, செதில்கள் எல்லாம் விறைத்து வெளியே நிற்கின்றன. சாப்பிடவில்லை. டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா: எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். செதில் அப்படி நிற்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். தனி டப்பில் வைத்து, லிட்டருக்குக் கால் கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போட்டால் வீக்கம் கொஞ்சம் இறங்கலாம். சமையல் உப்பு வேண்டாம். நேராகச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டத்துக்கு வந்த மீன் தேறுவது அபூர்வம். துன்பம் அதிகமானால் கிராம்புத் தைலம் இருக்கிறது. சில துளிகளைத் தொட்டித் தண்ணீரில் பால்போலாகும்வரை குலுக்கி, மீன் இருக்கும் சின்னப் பாத்திரத்தில் மெதுவாக விட்டால் முதலில் தூங்கிவிடும். அப்புறம் இன்னும் சேர்த்து, செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணிக்கு மேல் அப்படியே விடுங்கள். கழிவறையில் உயிரோடு ஊற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஃப்ளவர்ஹார்ன் பாய்: என் ஃப்ளவர்ஹார்ன் மீனுக்குத் தலையில் சின்னச் சின்னக் குழி, கழிவு வெள்ளை நூலாக வருகிறது. 200 லிட்டர்.

அக்கா: குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். மெட்ரானிடசோல் என்ற மருந்தைத் தீனியில் கலந்து கொடுப்பது வழக்கம், அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் ஒரே தீனியும் அழுக்குத் தண்ணீரும் இருந்தால் எந்த மருந்தும் நிற்காது.

தூத்துக்குடி பண்ணை: அரை ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு. உடம்பில் நூல் மாதிரி புழு தொங்குகிறது.

அக்கா: நங்கூரப் புழுவாக இருக்கும். ஆனால் குட்டை என் வேலை இல்லை தம்பி. உங்கள் ஊரிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மீனோடு போய்க் காட்டுங்கள்.

அம்பத்தூர் அருண்: தொட்டிப் பாசியைத் தின்னும் டேங்க் கிளீனர் மீன் பெரிதாகி மற்ற மீன்களைக் கடிக்கிறது. ஏரியில் விட்டுவிடலாமா?

அக்கா: கூடவே கூடாது. அப்படி விட்டு விட்டுத்தான் நம் ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு அது நிறைந்து கிடக்கிறது. மற்ற மீனுக்கு இடமும் இல்லை. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். நோய் வந்த மீனுக்கும் இதேதான்: எந்த நீர்நிலையிலும் விடக் கூடாது, தொட்டித் தண்ணீரையும் கொட்டக் கூடாது.

மதுரை மல்லி: மீன் சம்பந்தமாக இல்லை அக்கா. தொட்டி கழுவும்போது கல்லில் விரல் கீறிவிட்டது. மூன்று வாரமாகச் சிவப்பாக ஒரு முடிச்சு, ஆறவே இல்லை. முழங்கை பக்கம் இன்னொன்று கிளம்புகிறது. சாதாரண களிம்பு போட்டுப் பார்த்தேன்.

அக்கா: இது மீன் சம்பந்தமானதுதான். மீன் தொட்டியில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்று ஒரு கிருமி இருக்கலாம், காசநோய்க் கிருமியின் உறவு. கீறல் வழியாக நுழைந்து மெதுவாக முடிச்சு முடிச்சாகக் கைமேல் ஏறும். களிம்புக்கு அடங்காது, மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படலாம். நாளைக்கே தோல் மருத்துவரிடம் போங்கள். போய், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது, அதில் கை விட்டபோது கீறியது என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு இந்தக் கிருமி நினைவுக்கு வர வாய்ப்பு குறைவு. அதுவரை தொட்டியை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு.