குழு மின்னஞ்சல் திரும்பி வருகிறது: விலை கூடிய பக்கேஜ் தேவையா?

கேள்வி: வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடியின் உரிமையாளர் சங்கத்துக்குச் சொந்த டொமைனில் ஒரு குழு மின்னஞ்சல் முகவரி உண்டு. அதற்கு வரும் கடிதங்கள் உறுப்பினர்களின் ஜிமெயில், அலுவலக முகவரிகளுக்குத் தானாகவே போகும். சில மாதங்களாக, யாகூ முகவரியிலிருந்து எழுதுபவர்களின் கடிதங்கள் பலருக்குச் சேராமல் திரும்புகின்றன. சேவை வழங்குநரோ இடவசதி கூடிய பக்கேஜுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?
செயலாளர், கொழும்பு 06

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். திரும்பி வந்த அறிவித்தலைத் திறந்து, அதிலுள்ள இலக்கத்தை முதலில் பாருங்கள். 5.2.2 என்றிருந்தால் பெறுநரின் அஞ்சற்பெட்டி நிரம்பியிருக்கிறது. 5.7.26 என்றிருந்தால், அனுப்பியவர் இன்னாரென்று உறுதிப்படுத்த முடியாமல் ஜிமெயில் மறுத்திருக்கிறது. உங்கள் இடவசதியை எத்தனை மடங்காக்கினாலும் அது தீராது.

யாகூவிலிருந்து வரும் கடிதத்தை உங்கள் சேர்வர் அதே யாகூ முகவரியின் பெயரில் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுகிறது. ஆனால் யாகூவின் சார்பில் அனுப்ப அனுமதி பெற்ற சேர்வர்களைச் சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவில் உங்கள் சேர்வர் இல்லை. டி.கே.ஐ.எம். என்னும் இலத்திரனியல் ஒப்பம் குலையாதிருந்தால் கடிதம் தப்பிவிடும். தலைப்பின் முன்னே சங்கத்தின் பெயரையும் அடியில் இரண்டு வரிக் குறிப்பையும் குழு சேர்ப்பதாயின் (சங்கங்கள் ஆசையோடு செய்துகொள்ளும் அலங்காரம் இது) அந்த ஒப்பமும் செல்லாது. இரண்டும் தவறிய கடிதத்தை நிராகரிக்கும்படி யாகூ, தன் பெயரில் வரும் கடிதம் சோதனையில் தவறினால் என்ன செய்வதென்று பெறும் சேர்வர்களுக்குச் சொல்லும் டிமார்க் கொள்கையில் 2014 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது.

ஆகவே, அனுப்புநர் இடத்தில் குழு முகவரி நிற்க, எழுதியவரின் பெயர் அதனருகே தெரிய, பதில் அவருக்கே போகும்படி மாற்றி, உங்கள் டொமைனின் ஒப்பத்தோடு கடிதங்களை அனுப்ப முடியுமா என்று வழங்குநரிடம் எழுத்தில் கேளுங்கள். முடியாதென்றால் அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண், வேறிடம் பாருங்கள். அதற்கு முன், டொமைன் சங்கத்தின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா, வழங்குநரின் பெயரிலா என்பதைப் பார்த்துவிடுங்கள். கட்டணத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

அலுவலக முகவரியைக் குழுவுக்குத் தந்து, அங்கிருந்து தம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருப்பவர்களின் கதை வேறு. பல அலுவலகங்கள் மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தும் மைக்ரோசொஃப்ட் 365, வெளியே தானாகத் திருப்புவதை இயல்பிலேயே தடுக்கிறது, 5.7.520 என்ற இலக்கம் அதையே சொல்கிறது. இதைச் சங்கம் திருத்த முடியாது. அவர்கள் உண்மையில் திறந்து வாசிக்கும் முகவரியையே குழுவில் சேர்த்துவிடுங்கள்.

மாற்றம் நடந்தபின் யாகூவிலிருந்து ஒரு கடிதம் அனுப்பி, ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தி, டிமார்க் வரியில் 'பாஸ்' என்றிருப்பதைக் கண்ட பிறகே அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்துங்கள்.