ஒரே ஓட்டையில் ஐந்து குண்டு

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்குக் கடன் வாங்கிப் புதிய 10 மீட்டர் ஏர் ரைஃபிள் வாங்கிக் கொடுத்தேன். பெட்டிக்குள் கம்பெனியே சுட்டுப் பார்த்த அட்டை ஒன்று இருந்தது. ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில்! இவள் 10 மீட்டர் தள்ளியுள்ள இலக்கு அட்டையில் சுட்டால் (மையத்துக்கு 10 புள்ளி) 7, 8, எப்போதாவது 9. துப்பாக்கியில் கோளாறா? மாற்றித் தரச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்த அட்டையை யாரும் தோளில் வைத்துச் சுடவில்லை. ரைஃபிளை இரும்புப் பிடியில் அசையாமல் இறுக்கிவிட்டுச் சுட்டது அது. குழல் நல்ல குழல் என்று மட்டும்தான் அது சொல்லும்.

மகள் எடுக்கும் 8 எவ்வளவு தள்ளி விழுகிறது தெரியுமா? 10 என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. 4.5 மி.மீ. பெல்லட் (ஏர் ரைஃபிளின் குண்டு) அதைத் தொட்டாலே 10. எட்டு என்றால் பெல்லட்டின் நடு, மையத்திலிருந்து ஏழரை மி.மீ.க்குள் விழுந்திருக்கிறது. குறிபார்க்கும் பாகங்களான பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சைட் அரை மி.மீ. விலகினால் அட்டையில் அது ஆறேழு மி.மீ. ஆகிவிடும். ஐந்து கிலோவுக்குப் பக்கமான பாரத்தை ஏந்தி நின்றுகொண்டு உங்கள் பிள்ளை இதைச் செய்கிறாள். அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வராது.

சந்தேகம் தீர இப்படிச் சோதியுங்கள். மேசைமேல் மணல் மூட்டை (அரிசி நிரப்பிய துணிப்பையும் போதும்), அதன்மேல் ரைஃபிளின் முன்கட்டை. புதுக் குழலில் எண்ணெய் இருக்கும். முதல் முப்பது குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஐந்து அட்டை, அட்டைக்கு ஐந்து குண்டு. இடையில் சைட்டைத் தொடவே கூடாது. நான் பழகிய காலத்தில் குண்டுக்கு ஒரு க்ளிக் என்று சைட்டின் திருகைத் திருப்பித் திருப்பியே ஆறு மாதத்தை வீணாக்கினேன். மையத்தை மறந்துவிட்டு, குண்டுகள் தங்களுக்குள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். நெருக்கம் வந்துவிட்டால் இடத்தைச் சைட்டில் சரிசெய்துகொள்ளலாம். ஐந்து அட்டையிலும் ஓட்டையின் மொத்த அகலம் ஏழெட்டு மி.மீ.க்குள் நின்றால் ரைஃபிளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு அட்டை அழகாக வந்ததை மட்டும் நம்ப வேண்டாம்.

அதற்கு மேல் சிதறினால் கட்டையின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா பாருங்கள். அடுத்தது பெல்லட். 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று நூலளவு வித்தியாசத்தில் டின்கள் வரும். எந்தக் குழலுக்கு எது பிடிக்கும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். மூன்றிலும் சிதறினால், அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அப்போது உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா சுட்ட கடைசிக் குண்டு 10.8 (இறுதிச் சுற்றில் பத்தையும் 10.9 வரை பிரித்து எண்ணுவார்கள்). மையத்திலிருந்து அரை மி.மீ.க்குள்! அதற்கு முன் இரண்டு ஒலிம்பிக்கில் பதக்கமில்லாமல் திரும்பியவர் அவர். உங்கள் மகளுக்கு முதல் மூன்று மாதம் சராசரி 8 வந்தாலே எனக்குத் திருப்தி. சுடும் பயிற்சிக்கு ரேஞ்சுக்குப் போகும் வழியில் மட்டும் கடன் பேச்சை எடுக்காதீர்கள்.