ரிட்டயர் ஆன பிறகு சேலம் டவுனா, ஏற்காடா?

"அப்பா அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார், ஏற்காட்டில் வீடு வாங்கலாமா, சேலத்திலேயே ஃப்ளாட் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள், பெரியவர்கள் இருவர் மட்டும் தனியாக என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். டவுன்தான்.

மலையைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கும், கூப்பிட்டால் நாலு பேர் ஓடிவரும் குடும்பங்களைப் பற்றி நான் பேசவில்லை. பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அந்த நிலையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததும் நினைவிருக்கும்.

டவுனிலும் எல்லா இடமும் சரிவராது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் சரக்கு இறக்கும் நேரத்தில் ஆம்புலன்ஸ் நுழையவே முடியாது. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி பக்கம் பாருங்கள். கடைசி மாடி வேண்டாம், ஏப்ரல் மே வெயிலில் மொட்டைமாடிச் சூடு ராத்திரி வரை கீழே இறங்கும். ஆறு பேர் லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வாட்டில் ஏற்ற முடியாது, அதனால் தரைத்தளம் அல்லது முதல் மாடி. மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பில்டரைக் கேட்காதீர்கள், அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள்.

வீடு பார்க்கப் போனால் முதலில் பாத்ரூமைத் திறந்து பாருங்கள். கதவு உள்பக்கம் திறந்தால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ள முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் ஸ்டீல் கைப்பிடி வேண்டும். கனம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் வயதானவர் கைக்குள் அடங்காது. செங்கல் சுவரென்றால் துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட், உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் என்றால் பசை போட்டு இறுக்கும் கெமிக்கல் ஆங்கர். வெறும் பிளாஸ்டிக் பிளக்கில் ஸ்க்ரூ முடுக்கினால் உடம்பு எடை விழுந்ததும் சுவரோடு பெயர்ந்து வரும். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடி என்று காட்டுவார்கள், நம்பாதீர்கள். போட்டு முடித்ததும் நீங்களே முழு எடையோடு தொங்கிப் பாருங்கள்.

இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. பளபளவென்று வழுக்கும் டைல்ஸைப் பாத்ரூமில் போட்டுவிட்டு அதையே சொகுசு என்று விற்கிறார்கள். சொரசொரப்பான சின்ன டைல்ஸ் கேளுங்கள். இணைப்புக் கோடுகள் அதிகம் இருந்தால் ஈரத்திலும் கால் பிடிக்கும்.

வாசலில் ஒரு அடி உயரம் இருந்தால் சக்கர நாற்காலிக்கு 12 அடி நீளச் சாய்தளம் தேவை. அதற்கு இடம் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.